வகுப்பறையில் ஓர் இடம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷன் மட்டுமே தேறிய ரயில்வே எழுத்தனாகிய நான் ஆசிரியர்களைப் பற்றிப் பேசுவது அதிகப்பிரசங்கமாகத் தோன்றலாம். ஒரு தந்தை என்னும் உரிமையிலேயே பேசுகிறேன்.

என் இளைய மகனுக்குக் காது சரிவரக் கேளாது என்பதைக் காலனியில் யாவரும் அறிவீர்கள். காதுக் கருவி அணிந்து, மற்றப் பிள்ளைகளுடனேயே பள்ளியில் படிக்கிறான். சென்ற ஆண்டு அவன் வகுப்பிற்குப் பயிற்சிக்காக வந்த பி.எட். மாணவி ஒருவர் என்னை அழைத்து, "இவனைத் தனிப் பள்ளியில் சேர்த்தால் நலமாயிருக்குமே" என்று இந்தியில் பணிவுடன் கூறினார். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. மறுநாள் சென்று, "இவனால் தங்களுக்கு என்ன தொல்லை, அம்மா?" என்றேன். அவர் கண்கள் கலங்கின. "தொல்லையில்லை, நாற்பது பேருக்கு நடுவில் இவனுக்கு எவ்வாறு போதிப்பதென்று எனக்குத் தெரியவில்லை" என்றார். நான் வெறுப்பென்று எண்ணியது வெறும் அச்சமே!

சட்டம் இல்லாமலில்லை. 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடும் 2016-ஆம் ஆண்டு உரிமைச் சட்டம், இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிப் பள்ளியில் சேர்க்க வழி கூறுகிறது. 2014-இல் பி.எட். படிப்பு இரண்டாண்டாக்கப்பட்டபோது இதற்கென ஒரு பாடமும் வைக்கப்பட்டது. ஆயினும் புத்தகம் படித்துவிட்டு டிக்கெட் கவுண்டரில் முதன்முதல் அமரும் எழுத்தனுக்குக் கை நடுங்காதா? பழகினாலன்றோ நடுக்கம் தீரும்!

அவன் உதட்டசைவைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வான் என்று அவரிடம் கூறினேன். மறுநாள் முதல் அவனை முன்வரிசையில் அமர்த்தினார். கரும்பலகையை நோக்கிக்கொண்டு பேசுவதை விட்டார். முக்கியச் சொற்களை எழுதிப் போட்டார். காசு எதுவும் செலவாகவில்லை. சொல்வதெழுதுதலில் அவன் இன்னமும் பிழை விடுகிறான். ஆனால் கை தூக்கிக் கேள்வி கேட்கிறான்.

அன்பர்களே, குற்றம் என்னிடமும் உண்டு. நம் சங்கத்து ஞாயிறு தமிழ் வகுப்பிற்கு அவனை நான் இதுவரை அனுப்பியதில்லை. பிறர் நகைப்பரோ என்னும் அச்சம்! வரும் ஞாயிறு அழைத்து வருகிறேன். ஆசிரியப் பயிற்சி பெறும் நம் காலனிச் செல்வங்களே, நீங்களும் வாருங்கள். அவனோடு பழகுங்கள். நாளை உங்கள் வகுப்பில் இத்தகைய பிள்ளை ஒருவன் வந்து நின்றால், தனிப் பள்ளியைக் காட்டாமல் முன்வரிசையில் ஓர் இடம் காட்டுவீர்கள்.