காற்றழுத்தப் பொறிக்கு ஏற்ற மின்கம்பி



விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் வழியில், சக்கரங்களுக்குக் காற்றடிக்கும் கடைகளிலும், வண்டிகளுக்கு வண்ணம் பூசும் கொட்டகைகளிலும் தடதடவென்று ஓடும் ஒரு பொறியைக் கண்டிருப்பீர்கள். கம்ப்ரெஸர் என்று யாவரும் அழைக்கும் காற்றழுத்தப் பொறி அது. பெரிய பட்டறைகளில் மட்டும் இருந்து வந்த இப்பொறி இப்பொழுது சிறு உருவம் எடுத்து வீட்டுக் கொல்லைப்புறத்துக்கும் வந்துவிட்டது. அதை வாங்குகிறவர்கள் பத்துக் கடை ஏறி இறங்கி விலை விசாரிக்கிறார்கள். அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியை மட்டும் வீட்டில் கிடந்ததிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படிச் செய்தவன்தான்.

என் வீட்டுக் கூடத்திலிருந்து கொல்லைப் பட்டறை முப்பது மீட்டர் தூரம். இரண்டு குதிரைச் சக்தியுள்ள பொறியைப் பட்டறையில் வைத்து, உருளையில் சுற்றிய மெல்லிய கம்பியால் கூடத்து மின்சாரத்தோடு இணைத்தேன். சில நாள் ஓடிற்று. ஒரு சித்திரை மாதப் பிற்பகலில் மோட்டார் சுழலாமல் முனகத் தொடங்கியது. பொறி பழுது என்று முடிவு கட்டி மெக்கானிக்கை அழைத்துவந்தேன். அவர் பொறியைத் தொடவே இல்லை. கம்பிச் சுருளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டார். உருளையின் உட்சுற்றுகளில் உறை இளகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் சிறிது நேரம் விட்டிருந்தால் கொல்லையில் கிடந்த ஓலைக்கும் விறகுக்கும் அது போதுமானதாக இருந்திருக்கும்.

ஏன் இப்படி நேர்ந்தது? நீங்கள் வகுப்பில் படித்த ஓம் விதியைக் கொண்டே கணக்குப் போடலாம். இத்தகைய மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 11 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். என் கம்பியின் செப்பு 1 சதுர மில்லிமீட்டர். மின்னோட்டம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆகவே முப்பது மீட்டர் கம்பி கணக்கில் அறுபது மீட்டர். அதன் தடை ஏறக்குறைய 1.2 ஓம். ஓடும்போது 13 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. 145 வாட் அளவுக்கு வெப்பம் கம்பியில் பிறக்கிறது. கம்பி தரையில் நீண்டு கிடந்தால் அவ்வெப்பம் காற்றோடு போய்விடும். உருளையில் சுற்றியிருந்தால் எங்கே போகும்?

இது ஓடும்போது உள்ள நிலை. தொடங்கும் கணத்தில் மோட்டார் நான்கைந்து மடங்கு மின்னோட்டம் கேட்கும். மின்விசிறிக்கு இதனால் பெருந்தொல்லை இல்லை. காற்றழுத்தப் பொறியோ ஆடுதண்டைக் காற்றுக்கு எதிராகத் தள்ளிக்கொண்டே கிளம்ப வேண்டியது. மெல்லிய கம்பியின் மறுமுனையில் அந்தக் கணத்தில் 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வோல்ட்தான் இருக்கும். மோட்டாரின் சுழற்று விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், அது ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடுகிறது. மோட்டார் சுழல முடியாமல் நிற்கிறது. நிற்பதால் பெரிய மின்னோட்டம் குறையாமல் பாய்கிறது. மின்னோட்டம் நான்கு மடங்கானால் வெப்பம் பதினாறு மடங்கு! தெருவில் மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும் வேளைகளில் இத்துன்பம் இன்னும் கூடும்.

அப்படியானால் எந்தக் கம்பி? 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பாயின் அதே தூரத்தில் இழப்பு 5 வோல்ட் அளவு. 4 சதுர மில்லிமீட்டராயின் மூன்றே கால். பத்து மீட்டருக்குள் முன்னது போதும். முப்பது மீட்டருக்குப் பின்னதே நல்லது என்பது என் கருத்து. கடையில் "நாலு ஸ்கொயர்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பழைய எலெக்ட்ரீஷியன்கள் "மூணு இருபது", "ஏழு இருபது" என்பார்கள். முதல் எண் இழைகளின் தொகை. இரண்டாவது இழையின் கேஜ். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும் என்பதை அறியாமல் ஏமாந்தவர்கள் உண்டு.

கம்பி மூன்று இழைத் தொகுதி உடையதாக, மேலே தனி உறை போர்த்ததாக இருக்கவேண்டும். மூன்றாவது பூமித் தொடர்பு. பொறியின் உடல் முழுவதும் இரும்பு. உள்ளே உறை கிழிந்து மின்சாரம் உடலில் ஏறினால், அதைத் தொடுகிறவனுக்கும் சாவுக்கும் இடையில் நிற்பது இந்தப் பச்சைக் கம்பி ஒன்றே. நம் கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து உலர்ந்துபோகும். அப்போது பூமிக் குழியில் தண்ணீர் ஊற்றாவிட்டால் பச்சைக் கம்பி பெயருக்குத்தான் இருக்கும். கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவியும் வேண்டும். செருகி, 16 ஆம்பியர் 'பவர் பிளக்'காக இருக்கட்டும். விளக்குக்குரிய சிறிய செருகியில் இதை மாட்டக்கூடாது.

இவ்வளவும் சொன்ன பின், இவற்றினும் எளிய வழி ஒன்று உண்டு. பொறியைச் சுவரிலுள்ள பிளக்கின் அருகிலேயே வைத்து, அதன் சொந்தக் கம்பியையே மாட்டிவிட்டு, காற்றுக்குழாயை நீளமாக இழுத்துச் செல்லலாம். நீண்ட குழாயில் அழுத்தம் சிறிது குறையும். ஆனால் அதனால் எதுவும் சூடேறுவதில்லை, தீப்பற்றுவதில்லை.

சிவகாசி வட்டாரத்தில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் கொட்டகைகளில் பகலொளியில்தான் வேலை. வாசலில் பதித்த உலோகத் தகட்டைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்சாரத்தை மண்ணில் இறக்கிவிட்டே உள்ளே நுழையவேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொறிக்கே அத்தனை அச்சம்! காற்றழுத்தப் பொறியிலோ, அழுத்தம் குறையும்போதும் நிறையும்போதும் சுவிட்ச் தானே திறந்து மூடும். ஒவ்வொரு முறையும் உள்ளே தீப்பொறி தெறிக்கும். கம்பியின் நடுவே தளர்ந்த இணைப்பு இருந்தால் அங்கும் தெறிக்கும். ஆகவே திரியோ மருந்தோ இருக்கும் இடத்தின் பக்கம் இப்பொறியும் கூடாது, அதன் கம்பியும் கூடாது. வண்ணம் தெளிக்கும்போது எழும் தின்னர் ஆவிக்கும் இதே விதிதான்.

என் பொறி இப்போது கூடத்துச் சுவரை ஒட்டி, வெளியே ஒரு தகரக் கூரையின்கீழ் நிற்கிறது. கம்பி இரண்டு மீட்டர். குழாய் முப்பது மீட்டர். அந்தப் பழைய உருளையைப் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டேன். உருகி ஒட்டிய சுற்றுகளைப் பிரிக்க முடியாமல் அவர் அப்படியே தராசில் வைத்தார்.