எஞ்சின் புகை தள்ளுதா? லைனரைக் கவனியுங்கள்



கிணற்றடி ஆயில் எஞ்சின் நீலப் புகை தள்ளுகிறதா? ஆயிலைக் குடிக்கிறதா? காலையில் ஹேண்டில் போட்டால் லேசில் பிடிக்க மாட்டேன் என்கிறதா? பெரும்பாலும் லைனர் தேய்ந்துபோனதுதான் காரணம்.

லைனர் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் வந்து திரும்பும் இடத்தில் சூடு அதிகம், ஆயில் குறைவு. அங்கேதான் தேய்மானம் கூடுதல். கிராங்குக்குக் குறுக்கு வாட்டில் பிஸ்டன் சாய்ந்து உரசுவதால், வட்டமும் முட்டை வடிவமாகிவிடும். ஆகவே மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்திலும், இரண்டு வாட்டிலும் டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்க. விரலால் தடவிப் பார்ப்பது அளவாகாது.

ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50 மி.மீ. எனக் கூடுதல் அளவுகளில் வரும். பிஸ்டனை முதலில் வாங்கிப் பட்டறையில் கொடுங்க. அதை அளந்த பிறகுதான் போரிங். அதிலும் ஹோனிங்குக்கு 0.05 மி.மீ. போல விட்டு வைக்கணும். ஹோனிங் கல் சுற்றிக்கொண்டே மேலும் கீழும் போய்வரும்போது வலை பின்னியதுபோல் கோடு விழும். அந்தக் கோட்டில்தான் ஆயில் தங்கும். கண்ணாடி மாதிரிப் பளபளன்னு இருந்தால் நல்ல வேலை என்று நினைத்து ஏமாறாதீங்க. விரிசல் கண்டாலோ, கடைசி ஓவர்சைஸையும் தாண்டித் தேய்ந்திருந்தாலோ, புது லைனர்தான் போடணும்.

ஒரு அனுபவம் சொல்கிறேன். நெல் கதிர் விடுகிற சமயம், ஒரு விவசாயியின் எஞ்சின் பட்டறையில் இருந்தது. “சீக்கிரம் மாட்டுங்க” என்று அவசரப்படுத்தியவன் நான்தான். ஹோனிங் முடிந்த லைனரை டீசலில் துடைத்து மாட்டிவிட்டார்கள். கல்தூள் உள்ளேயே தங்கிவிட்டது. சில நாளிலேயே ரிங் தேய்ந்து, பழையபடி புகை. தண்ணீர் இல்லாமல் பாதிக் கதிர் பதராகிப் போச்சு. அரைமணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு போக விளைச்சலைத் தொலைத்தோம்.

டீசல் கழுவல் போதாது. சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுப் பிரஷ்ஷால் தேய்க்கணும். ஈரம் துடைத்த கையோடு ஆயில் தடவி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்க. துணி கறுத்தால் மறுபடி கழுவணும்.

எஞ்சின் ஓட்டியதும் முதல் சில மணி நேரம் முழுப் பாரம் கொடுக்காதீங்க. பிறகு ஆயிலை மாற்றிவிடுங்க. ஏர் கிளீனரைச் சுத்தமாக வையுங்க. லைனரை அரிப்பது வயல் தூசிதான். தூசியை வாசலிலேயே நிறுத்தினால், பட்டறைச் செலவு குறையும்.