முதல் 10 சதவீதம்



1990களின் நடுவில், அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சுமார் 60 பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். மாநிலத்திலோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகள்! மெக்சிகோ எல்லையோரச் சிற்றூர்களிலும், மேற்கே மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவிலும் படித்த பல பிள்ளைகளுக்கு அந்த வாசல் எட்டாததாகவே இருந்தது.

1996இல் ஹாப்வுட் என்ற வழக்கின் தீர்ப்பு, சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதையும் தடுத்துவிட்டது. மறு ஆண்டே இர்மா ராங்கெல் என்ற சட்டமன்ற உறுப்பினர் முன்னின்று ஒரு சட்டம் கொண்டுவந்தார். படித்த பள்ளி எதுவானாலும் சரி, அங்கே மதிப்பெண் வரிசையில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. நுழைவுத் தேர்வு மதிப்பெண் குறுக்கே நிற்காது. கூடப் படிப்பவர்களோடு மட்டும்தான் போட்டி. எங்கோ வசதியான பள்ளியில் படிப்பவர்களோடு அல்ல.

எனக்கு இது நியாயமாகவே படுகிறது. நல்ல ஆய்வகமும் தனிப்பயிற்சியும் இல்லாத பள்ளியில் முன்வரிசைக்கு வருவது சாதாரணக் காரியமா? கடும் போட்டியுள்ள பள்ளியில் மயிரிழையில் தவறவிட்ட பிள்ளையின் பெற்றோருக்கு மனம் கசக்கும். அந்த வருத்தமும் உண்மையானதுதான்.

இடங்கள் பெரும்பாலும் இப்படியே நிரம்பத் தொடங்கியதால், 2009இல் ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் மட்டும் இப்படி நிரப்பும் இடங்களுக்கு 75 சதவீத உச்சவரம்பு வைத்தார்கள். அதனால் அங்கே எல்லைக்கோடு முதல் 6 சதவீதம் வரை சுருங்கியது. 2026 சேர்க்கைக்கு அது 5. மாநிலத்தின் மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு 10 சதவீதம் என்பதே சட்டம்.