பொறியால் பொறிக்கும் பொறி



எஃகை அறுக்க எஃகினும் வலியது வேண்டும் என்பது பட்டறை அறிந்த உண்மை. காய்ச்சித் தோய்த்து வன்மையேற்றிய எஃகின்முன் உளியும் அரமும் தோற்கும். அங்கே வெல்வது மின்துடிப்பு. அதை ஏந்தும் கருவியோ எஃகினும் மெல்லிய செம்பு!

1943-ஆம் ஆண்டு, உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். மாசுகோவில் போரிசு இலாசரெங்கோ, நத்தாலியா இலாசரெங்கோ என்னும் கணவன் மனைவியர், மின்தொடுமுனைகள் தேய்வதைத் தடுக்கும் வழியை ஆராய்ந்தனர். தொடர்பு விடுபடுந்தோறும் பொறி பறந்து முனையை அரித்தது. முனைகளை எண்ணெயுள் அமிழ்த்திப் பார்த்தனர். அரிப்பு நிற்கவில்லை, ஆனால் ஒழுங்குபட்டது. தடுக்கவியலாத அவ்வரிப்பையே ஏவல் கொண்டனர் அவ்விருவரும்.

எஃகுக்கும் செம்புக்கும் நடுவே மயிரிழை புகுமளவே இடைவெளி. இரண்டும் மண்ணெண்ணெய் போன்றதொரு மின்கடத்தா நீர்மத்துள் அமிழ்ந்திருக்கும். மின்னழுத்தம் ஏற, நீர்மத்தின் தடை ஓரிடத்தே உடைந்து பொறி பாயும். அப்புள்ளியில் வெப்பம் 8,000 செல்சியசுப் பாகையையும் தாண்டும். எஃகு துளியளவு உருகி ஆவியாகும். உடனே மின்னோட்டத்தை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிடில் பொறி ஓரிடத்தே நிலைத்து எஃகைச் சுட்டுக் கெடுத்துவிடும். அவ்வோய்வில் நீர்மம் துகளை அடித்துச் செல்ல, அடுத்த துடிப்பு எழும். நொடிக்கு இவ்வாறு பல்லாயிரம்! துடிப்பு நீண்டால் வேலை விரையும், முகம் சொரசொரக்கும். குறுகினால் முகம் வழவழக்கும், வேலை தாழும். கருவியும் தேயும், உருகி உறைந்த மேற்றோலில் நுண்வெடிப்புகளும் நேரும். இக்குறைகளை மறைத்தல் தகாது.

கோவையிலும் ஓசூரிலும் அச்சு செய்யும் பட்டறைகளில் இன்று இது இயங்குகிறது. நெகிழி வாளிக்கும் குவளைக்குமான எஃகு அச்சுகளை இதிற் குடைகின்றனர். இயக்கும் தமிழ்த் தொழிலாளி இதனை அழைப்பதோ 'ஈ.டி.எம்.' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளால். அவை அவனுக்கு எதனைச் சொல்லும்?

'பொறி' என்று சொல்லிப் பாருங்கள். தீத்துளி, பொறி. வினை செய்யும் கருவி, பொறி. கல்லிலும் செம்பிலும் வெட்டுதல், பொறித்தல். வெட்டி விளைந்த அடையாளமும் பொறியே. சேரனின் விற்பொறி அதுதானே! இத்தனையும் ஒரு சொல்லுள் அடங்கிய மொழிக்கா பெயர்ப்பஞ்சம்? 'மின்பொறிக் குடைவி' என்றால், துடிப்பை ஏன் குறுக்க வேண்டும் என்பதைப் பயில வரும் இளைஞனுக்கு ஆசான் அப்பெயரிலிருந்தே விளக்கத் தொடங்கலாம்.

பட்டறை நடத்தும் அன்பர்கள் தம் பொறியின்மேல் இப்பெயரை எழுதிவைக்கலாம். அதற்கு அரசாணை வேண்டுவதில்லை.