ஒட்டகப் பால் சொல்லும் பாடம்



காலையில் பால் சொசைட்டியில் நிற்கும்போது ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "நானும் தவிடு, புண்ணாக்குதான் வைக்கிறேன். அவரும் அதேதான் வைக்கிறார். அவர் பாலுக்கு மட்டும் எப்படி விலை கூட விழுது?" என்பார்கள். தீவனம் ஒன்றாக இருந்தாலும் இனம் வேறானால் பாலும் வேறுதான். இதைத் தெளிவாகக் காட்டுகிற பிராணி ஒட்டகம். "நமக்கும் ஒட்டகத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு கேட்காதீங்க. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். கடைசியில் நம்ம கொட்டகைக்கே வந்து சேருவோம்.

வீட்டு ஒட்டகத்தில் இரண்டு வகை உண்டு. ராஜஸ்தானிலும் அரபு நாடுகளிலும் இருப்பது ஒற்றைத் திமில் ஒட்டகம். மங்கோலியா, நம் லடாக்கின் நுப்ரா பள்ளத்தாக்கு போன்ற குளிர்ப் பிரதேசங்களில் இருப்பது இரட்டைத் திமில் ஒட்டகம். மத்திய ஆசியாவில் கஜகஸ்தான் நாட்டில் இரண்டையுமே பாலுக்காக வளர்க்கிறார்கள்.

இரட்டைத் திமில் ஒட்டகத்தின் பால் கெட்டியானது. கொழுப்பு ஏறக்குறைய 5 முதல் 6 சதவீதம் வரை இருக்கும். ஆனால் கறவை குறைவு. ஒற்றைத் திமில் ஒட்டகம் கூடுதலாகக் கறக்கும். கொழுப்போ 3, 4 சதவீதத்தில் நின்றுவிடும். அந்த ஊர்க்காரர்கள் இரண்டையும் கலந்தார்கள். பிறந்த கலப்பினத்துக்கு 'நர்' என்று பெயர். தாய் தகப்பனைவிடப் பெரிய உடம்பு, நல்ல வலு. பாலின் கொழுப்பு இரண்டுக்கும் நடுவில் வந்தது. கறவை இரட்டைத் திமிலைவிடக் கூடியது.

அப்படியானால் நரையும் நரையும் சேர்த்தால் இன்னும் நல்லதாக வருமே என்று தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. அப்படிப் பிறக்கும் குட்டிகள் பெரும்பாலும் நோஞ்சானாகப் போய்விடும். அதனால் அனுபவப்பட்ட மேய்ப்பர்கள் பெண் நரை மறுபடியும் ஒற்றைத் திமில் கிடாவுக்கோ, இரட்டைத் திமில் கிடாவுக்கோதான் விடுவார்கள். எந்தப் பக்கத்து இரத்தம் கூடுகிறதோ, பாலும் அந்தப் பக்கமே சாயும். எது வேண்டும் என்று முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் கிடாவைத் தேடுவார்கள்.

நம் நாட்டிலேயே இன்னொரு செய்தி. 2016-ல் ஒட்டகப் பாலுக்குத் தரம் நிர்ணயித்தபோது கொழுப்பு 3 சதவீதமாவது இருக்க வேண்டும் என்றார்கள். நம் ஒட்டகப் பாலுக்கு அது கட்டுப்படியாகவில்லை. பிறகு 2 சதவீதமாகக் குறைத்தார்கள். 2019-ல் குஜராத்தில் அமுல் நிறுவனம் ஒட்டகப் பாலைப் பாட்டிலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பால் நீர்த்திருந்தால் தண்ணீர் கலந்ததாகத்தான் இருக்கும் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடக் கூடாது. இனத்தின் இயல்பையும் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது நம்ம கொட்டகைக்கு வருவோம். எருமைப் பாலில் கொழுப்பு 6, 7 சதவீதம் இருக்கும். ஜெர்சி கலப்பினப் பசுவில் 4, நாலரை. கறுப்பு வெள்ளை ஹெச்.எஃப். கலப்பினத்தில் மூன்றரைப் பக்கம். ஒரு பசு 10 லிட்டர் கறந்து கொழுப்பு 3.5 என்றால், மொத்தக் கொழுப்பு சுமார் 350 கிராம். இன்னொன்று 7 லிட்டர்தான் கறக்கிறது, ஆனால் கொழுப்பு 5. அதுவும் 350 கிராம்தான்! கொழுப்போடு மற்றத் திடச்சத்தையும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். ஆகவே லிட்டரை மட்டும் பார்த்து மாட்டைப் புகழவும் வேண்டாம், கொழுப்பை மட்டும் பார்த்து இகழவும் வேண்டாம். வரும் பணத்தில் தீவனச் செலவைக் கழித்து, மிச்சம் என்ன என்று பாருங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது மூன்று.

ஒன்று: ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனியாக டெஸ்ட் செய்து நோட்டில் எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே கேனில் ஊற்றிவிட்டால் எந்த மாடு எப்படி என்று தெரியாது.

இரண்டு: சினை ஊசி போடும்போது "ஏதோ ஒரு ஊசி போடுங்க"ன்னு விட்டுடாதீங்க. என்ன இனக் காளை, எத்தனை பங்கு கலப்பு என்று கால்நடை மருத்துவரைக் கேட்டு, அதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தெருவில் திரிகிற கலப்பினக் காளைக்குப் பசுவை விடுவது, நரோடு நரைச் சேர்த்த கதையாக முடியலாம்.

மூன்று: பழியெல்லாம் இனத்தின் மேல் போட வேண்டாம். வைக்கோலும் தட்டையும் குறைந்து தவிடும் கலப்புத் தீவனமும் மிஞ்சினால் கொழுப்பு இறங்கும். மடியில் கடைசியாக வருகிற பாலில்தான் கொழுப்பு அதிகம். அதனால் கன்றுக்கு உரியதை முதலிலேயே ஊட்டவிட்டு, பிறகு ஒட்டக் கறந்துவிடுங்கள்.

மேய்ச்சல் காட்டில் அந்த மேய்ப்பர் செய்கிற யோசனையை நாமும் செய்தால், சொசைட்டியில் நமக்கு வருத்தம் இருக்காது.