சல்லடைதான் வேறு



விலை குறைந்த பொருள் தரத்திலும் குறைந்ததாகத்தான் இருக்கும் என்பது நம் மனதில் ஊறிப்போன கணக்கு. துணிக்கும் இதே கணக்குத்தான். புத்தகத்துக்கும் இதே கணக்குத்தான். ஆனால் சில வேளைகளில் நாக்கு இந்தக் கணக்கைப் பொய்யாக்கிவிடுகிறது.

1976ஆம் ஆண்டு மே 24ஆம் திகதி பாரிஸ் நகரில் ஒரு போட்டி நடந்தது. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய மது வியாபாரி, போத்தல்களின் பெயரை மறைத்துப் பிரெஞ்சு நிபுணர்களிடம் கோப்பைகளை நீட்டினார். சிவப்பு வைனில் முதலிடம் பெற்றது, அன்று உலகம் அதிகம் அறியாத கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973. பிரான்சின் புகழ் பெற்ற மூட்டோன் ரொத்சைல்ட் 1970 அதற்கு அடுத்தபடியாகத்தான் வந்தது. பெயர்ச்சீட்டு மறைந்தவுடன் நாக்கு உண்மை பேசியது.

நம்மில் பலருக்கு வைன் தெரியாது, தேயிலை தெரியும். ஆகவே இந்தச் செய்தியை நான் ராகலையோடு சேர்த்தே நினைப்பது வழக்கம்.

ராகலை பஸ் தரிப்பிடத்துக்கு அருகில் ஒரு சில்லறைக் கடை. தட்டில் வரிசையாகப் போத்தல்களில் இலைத் தேயிலை. தரையில் வாய் விரித்த பையில் தூள். இலையின் விலையைக் கேட்டுவிட்டு, தூளிலே நூறு கிராம் வாங்கினேன். தங்கியிருந்த இடத்தில் பால் சேர்க்காமல் சாயத்தண்ணியாக ஊற்றி, உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு குடித்தேன். கறுத்த கஷாயமாக இருக்கும் என்றுதான் எண்ணியிருந்தேன். கோப்பையிலோ நல்ல சிவப்பு. ஓரத்தில் இளஞ்சிவப்புச் சாயல். நாக்கில் ஓர் இறுக்கமான பிடி. விழுங்கிய பிறகும் நின்ற மெல்லிய மணம்.

மறுநாள் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் முன்பு தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்தவர்.

“கொழுந்து எல்லாம் ஒன்னுதாங்க ஐயா. சல்லடதான் வேற” என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்குள் தேயிலைச் சாத்திரத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலை ஆகிறது. வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, சூட்டில் காயவைத்த பிறகு சல்லடைகளில் இறக்குகிறார்கள். மேலே தங்குவது ஒரு பெயர் பெறுகிறது. கீழே விழுவது வேறொரு பெயர் பெறுகிறது. ஒரேஞ்ச் பெக்கோ என்றால் தோடம்பழ வாசம் வீசும் என்று நினைப்போர் இன்றும் உண்டு. பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ட் என்பவையெல்லாம் முதலில் துகளின் அளவைச் சொல்லும் பெயர்கள். துகள் சிறுத்தால் தண்ணீர் படும் பரப்பு கூடுகிறது; சாயமும் கடுப்பும் விரைவில் இறங்குகின்றன. நீண்ட இலையின் நளினம் தூளுக்கு வராதுதான். ஆனால் தூளின் வலு இலைக்கு வராது.

கோப்பையின் குணத்தை மலையும் காற்றும் தீர்மானிக்கின்றன. 4000 அடிக்கு மேல் விளைவதை உயர்நிலத் தேயிலை என்பர். ராகலை அந்த உயரத்தைச் சேர்ந்தது. உடப்புசல்லாவைப் பிரதேசத் தேயிலையின் சாயம் சற்று அடர்ந்து, இளஞ்சிவப்பு கலந்திருக்கும் என்பது வியாபாரிகள் கண்ட அடையாளம். ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று கிழக்குச் சரிவுகளை உலர்த்தும்போது, கொழுந்து மெதுவாக வளர்ந்து மணம் செறிகிறது. அந்தக் காற்று இலைக்கு வேறு, தூளுக்கு வேறு என்று வீசுவதில்லை.

தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுவோருக்கு இது தெரியும். 1980இல் வந்த சர்வதேச நியமத்தின்படி, 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம். எல்லாக் கோப்பைக்கும் ஒரே நீதி.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். நல்ல தூள் வேறு. காம்பும் நாரும் பஞ்சும் சேர்ந்த கழிவுத் தேயிலை வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் தோட்டத்துச் சனங்களிலேயே பலர், “நாங்க குடிக்கிறது மிச்சந்தானே” என்று தலை குனிந்து சொல்கிறார்கள். முன்பு நானுஓயாவிலிருந்து ராகலை வரை குறுகிய பாதை ரயில் ஒன்று ஓடியது. 1940களில் அது நின்றுபோனது. அந்த ரயிலிலும் பிறகு லொறிகளிலும் பெட்டி பெட்டியாகத் தேயிலை மலையிறங்கியது. 1883 ஜூலை 30இல் தொடங்கிய கொழும்பு ஏலம், 2020 முதல் கணினி வழியே நடக்கிறது. மலையிறங்கியவற்றுக்கெல்லாம் அங்கே விலை சொன்னார்கள். விலை சொல்லும் இடத்தில் கொழுந்து எடுத்தவளின் நாக்குக்கு இடம் இருக்கவில்லை. லயத்துக் கோப்பையில் ருசி இருப்பதனால், கொழுந்து எடுத்த கைக்குக் கொடுக்கும் கூலி போதும் என்று ஆகிவிடாது. அது வேறு வழக்கு. ஆனால் தன் உழைப்பின் ருசியை மிச்சம் என்று எண்ணி அவள் குடிக்க வேண்டியதில்லை.

மட்டமான தாளில், மங்கிய மையில் அச்சாகிய மலையகச் சிறுகதைகளையும் நான் இப்படித்தான் அருந்தியிருக்கிறேன். அவற்றையும் சல்லடையின் பெயரால் ஒதுக்கியவர்கள் உண்டு.

நேயர்களே, அடுத்த முறை தேயிலை வாங்கும்போது எந்த மலை, எந்த மாதம் என்று கேளுங்கள். பிறகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். மிகுதியைக் கோப்பை சொல்லும்.