நம் கையால் ஒரு மின் கித்தார்



மின் கித்தார் என்றதும் கடையின் கண்ணாடிக்குப் பின்னே பளபளவென்று தொங்கும் விலையுயர்ந்த பொருள்தான் பலருக்கு நினைவில் வரும். வாசிக்க ஆசை இருந்தும் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் இளைஞர்கள் உண்டு. அந்தக் கருவியைப் பாகம் பாகமாகச் சேர்த்து நாமே உருவாக்க முடியும். அது எப்படி முடிகிறது, எந்த இடத்தில் கவனம் தேவை என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

சாதாரணக் கித்தாரில் ஒலியைப் பெருக்குவது அதன் வெற்றுப் பெட்டி. மெல்லிய பலகைகளை வளைத்து ஒட்டும் அந்த வேலைக்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். மின் கித்தாரின் உடலோ ஒரு கனமான மரப்பலகை. ஒலியை எடுப்பது காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துவந்த லியோ ஃபெண்டர் இதை நன்கு பயன்படுத்திக்கொண்டார். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. ஆனால் பழுதுபார்ப்பவரின் கண் இருந்தது. 1950-ஆம் ஆண்டு அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கித்தாரில் கழுத்தை உடலோடு ஒட்டவில்லை. நான்கு திருகாணிகளால் முடுக்கினார். கழுத்து தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். அதுவே பின்னர் 'டெலிகாஸ்டர்' எனப் பெயர் பெற்றது. 1954-இல் வந்த 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' கித்தாரும் இதே முறைதான். பழுதுபார்ப்பதற்காகச் செய்த அந்த ஏற்பாடே வீட்டில் கித்தார் செய்பவர்களுக்கு வழி திறந்துவிட்டது. இன்று தனித்தனியாக விற்கும் உடல், கழுத்து, குதிரை ஆகியவற்றுள் பெரும்பாலானவை இந்த இரு மாதிரிகளின் அளவை ஒட்டியவை. ஆகவே முதலில் ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்து, எல்லாப் பாகங்களையும் அதற்கே வாங்குங்கள்.

அடுத்தது அளவு. இந்த வேலையின் உயிர்நாடி அதுதான். தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கும் சிறு பட்டையிலிருந்து குதிரை வரையுள்ள தூரமே கம்பியின் நீளம். மேற்சொன்ன மாதிரிகளில் அது 648 மில்லிமீட்டர். பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில், அதாவது 324 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிக்கிறார்கள். சுருதி பிசகினால் மெழுகை இளக்கி நகர்த்தலாம். கித்தாரில் மெட்டுகள் மரத்தில் அறுத்த பள்ளத்தில் அடித்து இறக்கப்படுகின்றன. பிறகு நகர்த்த வழியில்லை. கணக்கு இதுதான்: எஞ்சியிருக்கும் கம்பி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817 ஆல் வகுத்தால் அடுத்த மெட்டு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது கிடைக்கும். முதல் மெட்டு ஏறத்தாழ 36.4 மில்லிமீட்டரில் வரும். புதிதாகத் தொடங்குபவர் மெட்டுகள் பதித்த கழுத்தை வாங்கிவிடுவதே நல்லது.

அப்படி வாங்கினாலும் குதிரையின் இடம் நம் பொறுப்பு. துளையிடுவதற்கு முன் கழுத்தை அதன் குழியில் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். இரு ஓரக் கம்பிகளும் செல்லும் வழியில் இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் கழுத்தின் விளிம்புக்கும் இடைவெளி இருபுறமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தூரத்தை அளந்து குறியிடுங்கள். மீண்டும் ஒருமுறை அளந்த பின்பே துளையிடுங்கள். திருகாணியில் சிறிது மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் மரம் வெடிக்காமல் இறங்கும்.

கம்பிகளைப் பூட்டிய பின் ஒரு சோதனை உண்டு. பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே விரலை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அதே மெட்டில் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய ஒலி உயர்ந்திருந்தால், குதிரையின் மேல் அந்தக் கம்பிக்குரிய சிறு தாங்கியைப் பின்னே தள்ளுங்கள். தாழ்ந்திருந்தால் முன்னே கொண்டுவாருங்கள். எவ்வளவு அழகாக வண்ணம் பூசினாலும், இந்தச் சோதனையில் தேறாத கித்தார் பாட்டுக்கு உதவாது.

இனி ஒலியை எடுக்கும் 'பிக்கப்'. காந்தத்தைச் சுற்றித் தலைமயிரைப் போன்ற மெல்லிய செம்புக் கம்பி ஏழாயிரம் சுற்றுகளுக்கு மேல் சுற்றப்பட்டிருக்கும். எஃகுக் கம்பி அதன்மேல் அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. ஃபாரடே 1831-இல் கண்டறிந்த தத்துவம் இது. நைலான் கம்பி போட்டால் பிக்கப்புக்கு ஒன்றும் கேட்காது. ஒற்றைச் சுருள் வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். அதனால் 1955-இல் சேத் லவர் என்பவர் எதிரெதிராக அமைந்த இரு சுருள்களைக் கொண்டு அந்த இரைச்சலை அடக்கினார். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளுக்கு 500 கிலோ ஓம் ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழ்களைப் பொருத்துவது வழக்கம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குதிரையிலிருந்து ஒரு கம்பி நிலத்தொடுப்பு முனைக்குப் போகிறது. வாசிப்பவரின் கை எப்போதும் அந்த இணைப்பில்தான் இருக்கிறது. 1972-இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற கித்தார் கலைஞர், சரியான நிலத்தொடுப்பு இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். கித்தாரின் உள்ளே உள்ள மின்சாரம் ஆபத்தற்றது. ஒலிபெருக்கியும் அதன் மின்செருகியும் அப்படியல்ல. அவற்றைத் தேர்ந்த மின்பணியாளரிடம் காட்டுங்கள்.

இப்படிச் செய்த கருவி பெரிய மேடைக்குத் தகுமா என்று நீங்கள் கேட்கலாம். கலிபோர்னியாவில் எட்டி வான் ஹேலன் 50 டாலருக்கு ஓர் உடலும் 80 டாலருக்கு ஒரு கழுத்தும் வாங்கினார். பழைய கித்தார் ஒன்றின் பிக்கப்பை எடுத்து, கீச்சொலி எழாதபடி உருக்கிய மெழுகில் தோய்த்துப் பொருத்தினார். 1978-இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் அதையே வாசித்து உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தார்.

அவருக்கும் முன்னரே, 1963-இல், இங்கிலாந்தில் பிரையன் மே என்ற பதினாறு வயது மாணவரும் மின்னணுப் பொறியாளரான அவருடைய தந்தை ஹெரல்டும் ஒரு கித்தார் செய்யத் தொடங்கினார்கள். கடையில் வாங்க வசதியில்லை. பழைய கணப்படுப்பின் மேற்பலகை கழுத்தாயிற்று. அதிலிருந்த பூச்சித் துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார்கள். பழைய மேசையின் ஓக் மரம் உடலுக்கு ஆயிற்று. மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்வில்கள் கம்பிகளின் இழுவிசைக்கு ஈடுகொடுத்தன. அம்மாவின் பின்னல் ஊசி நுனி கைப்பிடிக்குக் குமிழாயிற்று. பிக்கப்பையும் தாங்களே செய்தார்கள். கம்பியை வளைத்து இழுக்கும்போது ஒலி சீராக வராததால், அதை மட்டும் கடையில் வாங்கினார்கள். செலவு ஏறத்தாழ எட்டுப் பவுன். காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. 'குயின்' இசைக்குழுவில் ஒலித்த கித்தார் அதுவே. 2002-இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரை மேல் நின்று அவர் வாசித்ததும் அதைத்தான்.

நேயர்களே, பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இதில் இறங்காதீர்கள். தரமான பாகங்களின் கூட்டுத்தொகை, தொழிற்சாலையில் செய்த மலிவான கித்தாரின் விலையைத் தாண்டிவிடலாம். பணம் குறைவென்றால் கழுத்துக்கும் குதிரைக்கும் முதலில் செலவிடுங்கள். வண்ணமும் அலங்காரமும் பொறுத்திருக்கும். உடலை மரத்திலிருந்தே செதுக்க விரும்பினால், நம் வட்டாரத்து நியாத்தோ மரமும் கித்தாருக்குப் பயன்படுகிறது. ஆனால் நன்கு உலர்ந்த மரமாக இருக்க வேண்டும். நம் காற்றில் ஈரம் மிகுதி. ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடையளவு இழுக்கின்றன. கழுத்து வளைந்தால் அதனுள் இருக்கும் இரும்புக் கோலைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் திருப்பாதீர்கள். திருப்பிவிட்டு ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

வாங்கிய கித்தார் கெட்டால் கடைக்காரரைத் தேடிப் போகிறோம். நாம் பூட்டிய கித்தார் கெட்டால் எந்தத் திருகாணியைத் தொட வேண்டும் என்பது நமக்கே தெரியும். அந்த அறிவு விலைச்சீட்டில் வராது. வீட்டில் பிள்ளைகள் இதற்கு ஆசைப்பட்டால், ஹெரல்ட் மே செய்ததைப் போலப் பெற்றோரும் கூட உட்கார்ந்து ஒரு கை கொடுங்கள்.